நண்டுக்கு நோகுமா? எல்லாவற்றுக்கும் உணர்வுண்டு என்ற நம்பிக்கையும் நமது கணக்கும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நேரத்தில் எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள். பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள்.

கதிரவெளி, வாகரைப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களில் பலர் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கமிருந்து வருகிறவர்கள். காலையில் பஸ் ஏறினால் பனிச்சங்கேணிப் பாலத்தால் களப்பைக் கடந்து போகிறோம். களப்பில் தோணிகள் நிற்கும். பாலத்தடியில் நண்டும் இறாலும் விற்பார்கள். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தத் தோணிக்காரரின் பிள்ளைகள். கரையோர வேடர் வழிவந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

போன தவணையில் ஒருநாள் தொல்காப்பியர் உயிர்களைப் பிரித்த விதத்தை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு என்ற ஓரறிவு. நத்தைக்கும் சிப்பி இனத்துக்கும் ஈரறிவு. எறும்புக்கும் கறையானுக்கும் மூவறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் நாலறிவு. விலங்குக்கு ஐந்து. மனிதனுக்கு மனமும் சேர்ந்து ஆறு. கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் பின் வாங்கிலில் இருந்து ஒரு பொடியன் கேட்டான்: "சேர், நண்டுக்கு நாலறிவு எண்டா, கொதிக்கிற சட்டிக்குள்ள போடக்குள்ள அதுக்கு நோகுமா?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய வாப்பா நண்டு பிடிக்கிறவர். பக்கத்தில் இருந்தவன் உடனே, "அப்ப உழ்ஹிய்யா மாட்டுக்கு?" என்றான். இன்னொரு பிள்ளை, "புல்லுக்கும் அறிவு இருக்கெண்டா நாம எதைத்தான் சாப்பிடுற?" என்று கேட்டது.

மணி அடித்துவிட்டது. ஆனால் அந்த மூன்று கேள்விகளும் எங்களை விடவில்லை. ஆசிரியர் அறையில் இரண்டு வாரம் இதைத்தான் பேசினோம். தேடிப் பார்த்தபோது, இந்த மூன்று கேள்விகளையும் மனிதர்கள் மிகப் பழைய காலத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நம் மண்ணிலும் கேட்டிருக்கிறார்கள், நம் மார்க்கத்துக்குள்ளும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஏணிப்படி

தொல்காப்பியத்தின் மரபியலில் இருக்கும் இந்த வரிசையைப் பலர் உயிரியல் பாடமாக மட்டும் பார்க்கிறார்கள். அதற்குள் ஒரு பெரிய முடிவு ஒளிந்திருக்கிறது. உணர்வு என்பது மனிதனிடம் தொடங்கவில்லை, புல்லிலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் அது. மனிதனிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் நாட்டில் வாழ்ந்த சமணர்கள் இதைவிட ஒருபடி கீழே போனார்கள். மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றையே உடம்பாகக் கொண்ட ஓரறிவு உயிர்களும் உண்டு என்பது அவர்களுடைய கொள்கை. அப்படியென்றால் மண்வெட்டி போடுவதும் உயிரைத் துன்புறுத்துவதுதான். நெருப்பு மூட்டுவதும் தண்ணீரை வீணாக ஊற்றுவதும் அப்படித்தான்.

இதை முழுதாக நம்பினால் மனிதன் எப்படி வாழ்வது? எங்கள் வகுப்புப் பிள்ளை கேட்ட அதே கேள்வி. சமணர்கள் இதற்கு நடைமுறையில் ஒரு பதில் கண்டார்கள். துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். துறவி எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமல் இருக்க முயல வேண்டும். நடக்கும் வழியைப் பார்த்து நடக்க வேண்டும். இல்லறத்தான் ஈரறிவும் அதற்கு மேலும் உள்ள உயிர்களை வேண்டுமென்று கொல்லக் கூடாது. ஓரறிவு உயிர்களைப் பயன்படுத்தாமல் வாழ முடியாது என்பதால், தேவைக்கு மேல் அழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வாழும் தமிழ்ச் சமணர்களில் பலர் பரம்பரை விவசாயிகள். மண்ணுக்கு உயிருண்டு என்று நம்பும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் ஏர் பிடித்து உழுகிறார்கள். இதை முரண்பாடு என்று சொல்லிவிடலாம். நமக்கு அது அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் உணர்வுண்டு என்று நம்புகிறவனுக்கும் எல்லாவற்றின் மீதும் ஒரே அளவு கடமை இல்லை. கடமைக்கும் ஒரு படிவரிசை உண்டு. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் முதல் பாடம் இது.

நமது மார்க்கம் என்ன சொல்கிறது

நம்மில் சிலர் இந்த இடத்தில் அவசரப்படுவார்கள். "கல்லுக்கும் மண்ணுக்கும் உணர்வு என்பது ஷிர்க்கின் வாசல் அல்லவா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்லுமுன் அல்குர்ஆனைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஸூரத்துல் இஸ்ராவின் 44ஆம் வசனம், வானங்களும் பூமியும் அவற்றில் உள்ள எல்லாமும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன என்றும், அந்தத் துதி மனிதர்களுக்கு விளங்குவதில்லை என்றும் பொருள் தருகிறது. ஸூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம் விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமூகங்கள் என்கிறது. ஹதீஸ்களில் வருவதை நாம் சிறுவயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து குத்பா ஓதிய ஈச்சமரக் குற்றி, புதிய மிம்பர் வந்தபோது பிரிவால் அழுதது. உஹது மலை நம்மை நேசிக்கிறது என்று நபியவர்கள் சொன்னார்கள். ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த முன்னைய நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்தான். துதிசெய்யும் ஒரு சமூகத்தையே எரித்துவிட்டீரே என்பதுதான் அந்தக் கண்டிப்பின் சாரம்.

இவற்றை எப்படி விளங்குவது என்பதில் இமாம்கள் இரண்டு பக்கமாக நின்றிருக்கிறார்கள். உயிரற்ற பொருளின் துதி அதன் நிலையால் வெளிப்படும் துதி, அதாவது அது இருப்பதே படைத்தவனுக்குச் சாட்சி என்று ஸமக்ஷரீ போன்றவர்கள் விளக்கினார்கள். இல்லை, அது உண்மையான துதிதான், நமக்குத்தான் கேட்கவில்லை என்பது மற்றப் பக்கம். இப்னு அரபீ (1165–1240) இந்த இரண்டாவது பக்கத்தை மிகத் தூரம் கொண்டு போனார். உயிரற்றது என்று உலகத்தில் எதுவுமே இல்லை என்பது அவருடைய நிலை. அவருடைய மற்றக் கருத்துகளை ஏற்காத உலமாக்கள் நிறையப் பேர். அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை.

நாம் கவனிக்க விரும்புவது ஒன்றைத்தான். கல் துதிக்கிறது என்றால் கல்லும் நம்மைப் போல ஓர் அடிமை. அடிமையை யாரும் வணங்குவதில்லை. தௌஹீதுக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் எஜமானின் இன்னோர் அடிமையை நினைத்தபடி மிதிக்கவும் நமக்கு உரிமை இல்லை.

விலங்குகள் போட்ட வழக்கு

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இக்வானுஸ் ஸஃபா என்று ஓர் அறிஞர் குழு இருந்தது. தங்கள் பெயரை வெளியிடாமல் ஐம்பதுக்கு மேற்பட்ட நிருபங்களை எழுதினார்கள். அதில் 22ஆவது நிருபம் ஒரு நீண்ட கதை. அது பிற்காலத்தில் ஹீப்ரு மொழிக்குப் போனது. 1810இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மௌலவி இக்ராம் அலீ அதை உருதுவில் தந்தார்.

கதை இதுதான். கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஒரு தீவில் ஒதுங்குகிறது. அங்கே விலங்குகள் சுதந்திரமாக வாழ்கின்றன. இறங்கிய மனிதர்கள் அவற்றைப் பிடித்துச் சுமை ஏற்றுகிறார்கள், அறுக்கிறார்கள். விலங்குகள் தீவை ஆளும் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. வழக்கு நடக்கிறது.

மனிதர்கள் ஒவ்வொரு காரணமாகச் சொல்கிறார்கள். நாங்கள் நிமிர்ந்து நடக்கிறோம், அழகானவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள், எங்களுக்கு அரசு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விலங்குகள் பதில் வைத்திருக்கின்றன. தேனீக்கும் அரசு இருக்கிறது, கட்டடக் கலையும் இருக்கிறது. மாடு, ஆடு, குதிரை, கழுதை எல்லாம் தாங்கள் பட்டதைச் சொல்கின்றன. கடைசியில் ஹிஜாஸிலிருந்து வந்த ஒருவர், எங்களுக்கு மறுமை உண்டு, சுவர்க்கம் வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்கிறார். பறவைகளின் தரப்பில் புல்புல் எழும்பி, நரகமும் உங்களுக்குத்தானே சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்கிறது. அதற்கும் பிறகுதான் தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கிறது.

இந்தக் கதையை வாசித்துவிட்டு, கடைசியில் மனிதன்தானே வென்றான் என்று மூடிவைத்துவிடக் கூடாது. எந்தக் காரணத்தால் வென்றான் என்று பார்க்க வேண்டும். பலத்தாலும் அறிவாலும் அழகாலும் அவன் வெல்லவில்லை. அந்த வாதங்கள் எல்லாம் தோற்றுப் போயின. எஞ்சியது அவனுக்கு விசாரணை உண்டு என்ற ஒன்றுதான். விலங்கின் மீது நமக்கு அதிகாரம் தரும் அதே காரணம், அந்த அதிகாரத்துக்குக் கணக்குச் சொல்லவும் வைக்கிறது.

இந்தக் கணக்கைச் சட்டமாகவே எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (மறைவு 1262) மனிதன் மீது விலங்குக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். கிழடாகி, நோயுற்று, பயன் தராமல் போனாலும் அதற்குத் தீனி போட வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக் கூடாது. அதற்குத் தீங்கு செய்யும் இன்னொரு விலங்கோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அறுத்தால் நல்ல முறையில் அறுக்க வேண்டும். அதன் குட்டியை அதன் கண்முன் அறுக்கக் கூடாது. நம்முடைய மத்ஹபின் நூல்களில் 750 வருடங்களுக்கு மேலாக இருக்கும் விடயம் இது. நமது பட்டிகளில் எத்தனையில் இது நடைமுறையில் இருக்கிறது என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்டின் கதை: செலவு யாருடையது

இலங்கையில் உயிர்க்கொலைத் தடை புதிய விடயம் அல்ல. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆண்ட ஆமண்டகாமணி என்ற அரசன் தீவு முழுவதும் கொலையைத் தடுத்துக் கட்டளையிட்டதாக மகாவம்சம் சொல்கிறது. 'மாகாத' என்று பெயர். அவனுக்குப் பின்னரும் சில அரசர்கள் இதைச் செய்தார்கள்.

இவர்களில் நமக்கு மிகவும் பிடித்தது பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிஸ்ஸங்கமல்லனின் (1187–1196) கல்வெட்டு. அனுராதபுரத்தைச் சுற்றி உயிர்களுக்கும், பெரிய குளங்கள் பன்னிரண்டில் மீன்களுக்கும் அபயம் கொடுத்ததாக அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. பறவை பிடித்து வாழ்ந்த கம்போஜர் என்ற கூட்டத்தாருக்குப் பொன்னும் துணியும் அவர்கள் விரும்பிய பொருளும் கொடுத்து, இனிப் பறவை பிடிக்க வேண்டாம் என்று கட்டளையிட்டான்.

இதை வாசித்தபோது ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பறவையின் உயிர் பெரிது என்று நம்பிய அரசன், அந்த நம்பிக்கையின் செலவைப் பறவை பிடிக்கிற ஏழையின் தலையில் கட்டவில்லை. தானே கொடுத்தான். தன் புகழுக்காகச் செய்தான் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கொடுத்தது கொடுத்ததுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2013 மே 24, வெசாக் நாளில், கண்டியில் ஒரு பௌத்த பிக்கு மாடு அறுப்பை எதிர்த்துத் தனக்குத்தானே தீ மூட்டிக்கொண்டார். மறுநாள் இறந்துவிட்டார். அந்த மனிதரின் மனதில் மாட்டின் வலி உண்மையாகவே இருந்திருக்கலாம். அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஹலாலுக்கு எதிராகவும் நம் கடைகளுக்கு எதிராகவும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டின் வலியைப் பற்றிப் பேசிய பலருடைய பேச்சில் மாட்டைவிட மனிதன் மீதான வெறுப்பே அதிகமாக இருந்தது.

2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் சம்மதித்தது. அதே யோசனையில் மாட்டிறைச்சி உண்பவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கும் திட்டமும் இருந்தது. நம் பட்டி மாட்டுக்கு நோகும், கப்பலில் வரும் இறைச்சியின் மாட்டுக்கு நோகாது என்று எந்த மார்க்கமும் எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. செலவையும் பாருங்கள். இறைச்சிக் கடைக்காரர், தோல் வியாபாரி, கிழட்டு மாட்டை விற்று அடுத்த கன்று வாங்கும் சிங்கள, தமிழ், முஸ்லிம் கமக்காரர் எல்லோரும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். நிஸ்ஸங்கமல்லனின் பொன்னும் துணியும் இந்தக் கதையில் எங்கே?

அதேநேரம் நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது அரசியல் என்பதற்காக மாட்டுக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது. உழ்ஹிய்யா மாடுகளை லொறியில் கழுத்தோடு கழுத்து நெருக்கி ஏற்றி வருவது, ஒரு மாட்டுக்கு முன் இன்னொரு மாட்டை அறுப்பது, மாட்டின் கண்முன் கத்தி தீட்டுவது, சிறுவர்கள் போனில் வீடியோ எடுத்துச் சிரிப்பது, இவையெல்லாம் நம் ஊர்களில் நடக்கின்றன. இவற்றில் எதையும் ஷரீஅத் அனுமதிக்கவில்லை. கத்தியை நன்றாகத் தீட்டுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்பது நபிவழி. எதிரி குறை சொல்கிறான் என்பதால் நாம் திருத்தாமல் விட்டால், நட்டம் மாட்டுக்கும் நம் அமலுக்கும்தான்.

விஞ்ஞானம் எங்கே நிற்கிறது

1901 மே மாதம் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் வங்காளத்து விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு செய்முறை காட்டினார். தசை, செடி, உலோகம் மூன்றையும் தூண்டினால் மூன்றும் ஒரே மாதிரியான மின் பதிலைக் கொடுக்கின்றன என்பதை வரைகோடுகளாகக் காட்டினார். நஞ்சு கொடுத்தால் பதில் குறைகிறது. அடுத்த வருடம் இதைப் பெரிய நூலாக எழுதினார். உயிருள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவில் நாம் போட்ட கோடு அழிகிறது என்றார். செடிகளைப் பற்றி அவர் கண்டவற்றில் பல பின்னர் மதிக்கப்பட்டன. ஆனால் தகரத்துண்டு பதில் கொடுக்கிறது என்பதிலிருந்து தகரத்துக்கு நோகிறது என்ற முடிவுக்கு வர முடியாது.

இந்த இடம்தான் முக்கியம். இன்று மேற்குலகில் சில தத்துவ அறிஞர்கள், பிலிப் கொஃப் போன்றவர்கள், அணுத்துகளில்கூட மிக எளிய ஒரு வகை உணர்வு இருக்கலாம் என்று மீண்டும் வாதிடுகிறார்கள். அது சரியாகவே இருக்கட்டும். அதிலிருந்து கல்லை உடைப்பது கொலை என்று ஆகிவிடாது. ஏதோ ஓர் உணர்வு இருப்பது வேறு. நோவதும் பயப்படுவதும் வாழ ஆசைப்படுவதும் வேறு. நம் கடமை கனமாவது இந்த இரண்டாவது இடத்தில்தான். எல்லாம் ஒன்று என்று சொல்லிவிட்டால், மாட்டை வதைப்பவனும் கல்லுடைப்பவனும் ஒரே குற்றவாளி ஆகிவிடுவார்கள். பிறகு யாரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடும்.

அப்படியானால் நண்டு எந்தப் பக்கம்? இதற்கு இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. 2021இல் லண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வாளர் குழு ஒன்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து, நண்டு, இறால், கணவாய் இனங்களுக்கு வலியை உணரும் தன்மை இருப்பதற்கு வலுவான சான்று உண்டு என்று அறிக்கை கொடுத்தது. அதன்படி 2022இல் பிரித்தானியா தன் விலங்கு உணர்வுச் சட்டத்தில் அவற்றையும் சேர்த்தது. சுவிட்சர்லாந்து 2018இலேயே பெரிய கடல் இறால்களை மயக்காமல் உயிரோடு கொதிநீரில் போடுவதைத் தடுத்துவிட்டது. நம் நாட்டில் இருப்பதோ வெள்ளைக்காரன் 1907இல் போட்ட மிருக வதைத் தடைச் சட்டம்.

ஆக, பின் வாங்கிலில் இருந்த அந்தப் பொடியனுக்கு நாம் சொன்ன பதில் இது: "நோகும் போலத்தான் தெரியுது மகன்." உண்ணலாமா கூடாதா என்ற சட்டத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். விற்பவர்களுக்கும் சமைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். நண்டை ஐஸில் நன்றாக வைத்து, அசைவு நின்ற பின் கூர்மையான கத்தியால் ஒரேயடியாகப் பிளந்து சமைப்பது, உயிரோடு கொதிநீரில் போடுவதைவிட நல்லது. ஐஸ் பெட்டி நம் தோணிகளிலும் வாடிகளிலும் ஏற்கனவே இருக்கிறது. இதற்கு நிஸ்ஸங்கமல்லனின் பொன்கூடத் தேவையில்லை.

மண்ணின் சாட்சி

கதிரவெளி பழைய மண். மேற்கே பொம்பரிப்பு போல கிழக்கே கதிரவெளியிலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேலாக இங்கே மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்குப் பாரமான கற்களைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மூச்சு நின்றவுடன் உடம்பு வெறும் பொருளாகிவிட்டது என்று நினைத்தவர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள். 1911இல் வேடர்களைப் பற்றி நூல் எழுதிய செலிக்மன் தம்பதியர், வேட்டைக்கும் தேனெடுக்கவும் போகுமுன் வேடர்கள் தங்கள் இறந்துபோன உறவினரை அழைத்து வேண்டுவதை எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை நம்முடையது அல்ல. ஆனால் காட்டுக்குள் போகிறவன் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு போகிறான் என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இறந்த உடம்புக்கு மரியாதை என்பதை நம் தலைமுறை புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டு அறிந்தது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்று நபிமொழி உண்டு. 2020இல் கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எத்தனை வீடுகளில் உம்மாமார் அந்த நெருப்பைத் தங்கள் உடம்பிலேயே உணர்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்து, மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே அடக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

ஸூரத்துஸ் ஸில்ஸாலில் பூமி தன் செய்திகளைச் சொல்லும் நாளைப் பற்றி வருகிறது. நமது பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். பூமி சொல்லும் என்றால், பூமிக்கு இப்போதே தெரியும் என்றுதானே அர்த்தம்? 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தது அதற்குத் தெரியும். அதே வருடம் செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில் நடந்ததும் தெரியும். 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மீது ஷெல் விழுந்து பலர் உயிரிழந்ததும் தெரியும். அந்த வீதியால்தான் நாம் தினமும் பாடம் படிப்பிக்கப் போகிறோம். நம் ஆட்களின் இழப்பை மட்டும் மண் ஞாபகம் வைத்திருக்கும் என்று நாம் நினைத்தால், அந்த ஸூராவை நாம் விளங்கவில்லை. மண் யாருடைய பக்கமும் சேராத சாட்சி.

கடைசியாக, மணல்

வாகரை, கதிரவெளிக் கரையில் இல்மனைட் மணல் எடுப்பதை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். மணலுக்கு உயிருண்டு என்று யாரும் அங்கே கோஷம் போடவில்லை. கரை போனால் கடல் வரும், கிணறு உவராகும், வலை போடும் இடம் போகும் என்றுதான் சொன்னார்கள். 2004 டிசம்பரில் கடல் வந்ததைக் கண்ட மக்கள் அவர்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கைக்கு ஓர் உயிருள்ள நபருக்குரிய சட்ட உரிமைகள் உண்டு என்று தீர்ப்பு எழுதினார். சட்டம் அந்தத் திசையில் நகர்கிறது.

நமக்கு அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை என்று சிலர் சொல்லலாம். அமானிதம் என்ற சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினாலே போதும். களப்பு நமக்குச் சொந்தமல்ல, ஒப்படைக்கப்பட்டது. கண்டல் மரத்தை வெட்டும்போதும், தங்கூசி வலையைக் களப்பிலேயே விட்டுவிட்டு வரும்போதும், இறைச்சிக் கழிவை இரவோடு இரவாகப் பாலத்தடியில் கொட்டும்போதும், கணக்கு எழுதப்படுகிறது. களப்புக்கு உணர்வு இருக்கிறதா என்று விவாதித்து முடியும் வரை அந்தக் கணக்கு காத்திருக்காது.

இந்தப் பெருநாளுக்கு மூன்று விடயங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பள்ளி நிர்வாகங்கள் உழ்ஹிய்யா அறுக்கும் இடத்தில் ஒரு மறைப்புக் கட்டுங்கள், ஒரு மாடு மற்றதைப் பார்க்காமல் இருக்கட்டும். கழிவுக்குக் குழி வெட்டுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் போனை வீட்டில் வைத்துவிட்டு, ஏன் கத்தி தீட்டப்படுகிறது என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் பொடியன் போன வாரம் மறுபடி வந்தான். வாப்பாவிடம் ஐஸ் விடயத்தைச் சொன்னானாம். வாப்பா முதலில் ஏசினாராம். பிறகு, "சரி, ஐஸ் பெட்டி சும்மாதானே கிடக்கு" என்றாராம்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் இரக்கமுள்ள உள்ளத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.